நாணயத்தை மறைப்பவனின் நாணயம்

ஆடித் திங்கள் உத்திராட நாள். சங்கரன்கோவில் தெருக்களிலே தலைகள் தெரியுமேயன்றித் தரை தெரியாது. கரிசற்காட்டுச் சிற்றூர்களிலிருந்து கட்டுச்சோற்று மூட்டையோடு வண்டி பூட்டி வந்த காலம் போயிற்று. பேருந்திலும் இரயிலிலும் வந்திறங்கும் காலம் வந்தது. கூட்டம் மட்டும் குறையவில்லை. ஆடித்தவசு காண வருவோர் பாம்பும் தேளும் பொறித்த தகட்டைக் காசு கொடுத்து வாங்குவர்; உண்டியலில் இடுவர்; புற்று மண்ணை மருந்தென்று மடித்து முடிந்துகொள்வர். அவர்களைப் பற்றி எழுத இன்று நான் பேனாவை எடுக்கவில்லை.

இத்தகைய திருவிழாக் கூட்டங்களின் ஓரத்திலே, தலைமுறை தலைமுறையாக, இன்னொரு வட்டம் கூடி வந்திருக்கிறது. நடுவே ஒருவன். தோளில் தொங்கிய பை இப்போது தரையில். முளையில் கட்டிய கீரி; மூடிய கூடையிலே பாம்பு; இதோ இரண்டும் மோதப் போகின்றன என்று அவன் நூறு முறை சொல்வான்; ஒரு முறையும் அவை மோதா! செப்பு எனும் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தும் நிமிர்த்தும் ஆடியதால் செப்பிடு வித்தை என்று பெயர் பெற்ற கலைக்கு உரியவன் அவன். கூட்டத்தில் ஒருவரிடம் காசொன்று கேட்பான். வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவான், மூடுவான், ஊதுவான், விரிப்பான். காசு இல்லை! வாய் பிளந்து நிற்கும் சிறுவனின் காதுக்குப் பின்னாலிருந்து அதே காசை எடுத்துக் காட்டுவான். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

இதை வட்டத்தின் விளிம்பில் நின்று பாராதவர் நம்மில் யார்? நடுவில், அவன் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தவர்தாம் மிகச் சிலர். அங்கே போய்ச் சற்று நில்லுங்கள், தோழர்களே. காட்சியே வேறு!

அவனுக்குக் காசு மறைவதே இல்லை. கட்டைவிரலின் அடியில் திரண்டிருக்கும் சதைமேட்டுக்கும், எதிர்ப்புறத்துச் சுண்டுவிரல் பக்கத்துச் சதைக்கும் இடையே, இரு சுவர்களுக்கு நடுவே செருகிய பலகைபோல, அது அழுந்திக் கிடக்கிறது. அதன் விளிம்பு உறுத்துவதை அவன் உணர்கிறான். கூடியிருப்போர் அனைவரும் வியப்பில் ஆழ்ந்திருக்க, வியப்பே இல்லாதவன் அவன் ஒருவன்தான். காசைப் பிடிப்பது ஒரு திங்களில் கைவரும். பிடித்திருக்கும் கை, பிடிக்காத கைபோல் இருக்க வேண்டுமே, அதற்குத்தான் ஆண்டுகள் வேண்டும். புதிதாய்ப் பழகுபவன் விரல்களை விறைப்பாக நீட்டுவான். அந்த விறைப்பே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். தேர்ந்தவனோ அதே கையால் மீசையைத் தடவுவான், துண்டை உதறுவான், சிறுவனின் தோளைத் தொடுவான். கண்ணாடி முன் நின்று பழகுகிறவனுக்கு வேறொரு தொல்லை உண்டு. காசைக் கரக்கும் அந்த நொடியில் தன்னையறியாமல் இமைத்துவிடுவான். தன் பிழையைத் தானே காணாமல் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வான். ஊரை ஏய்க்கப் போகிறவன் முதலில் தன்னை ஏய்க்காதிருக்கக் கற்க வேண்டியிருக்கிறது.

காசின் வரலாறும் இவன் கையின் வரலாறும் இணைந்தே நடந்தவை. வெள்ளையர் காலத்து வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை. ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அகலம். விளிம்பெல்லாம் வரிவரியாய் வெட்டு. வித்தைக்கென்றே வார்த்தாற்போன்ற காசு! வரிகள் சதையைப் பற்றிக்கொள்ளும். எடை இருப்பதால் நழுவும் முன்னரே கைக்குத் தெரிந்துவிடும். கல்லில் சுண்டினால் கணீரென்று ஒலிக்கும். கடைக்காரன் காசின் தரத்தை அறிய அந்த ஒலியைக் கேட்டான். வித்தைக்காரன், காசு இருக்கிறது என்று கூட்டத்தை நம்ப வைக்க அதே ஒலியைப் பயன்படுத்தினான். அலையலையான விளிம்புடைய ஓரணாவும், மூலை மழுங்கிய சதுர இரண்டணாவும் கைக்கு அடங்காத பிள்ளைகள். 1940இல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் நிக்கல் வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் அணாக் கணக்கே ஒழிந்து நயா பைசா பிறந்தது. 1960களில் வந்த அலுமினியக் காசுகளோ ஊதினால் பறப்பவை; கையில் இருக்கிறதா இல்லையா என்று வித்தைக்காரனுக்கே ஐயம் வரும்! 2011இல் வந்த ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர்; எடை நான்கு கிராமுக்கும் குறைவு. பொருளாதார நூல்கள் பணத்தின் மதிப்பு தேய்ந்த கதையைப் பக்கம் பக்கமாகச் சொல்லும். வித்தைக்காரனின் உள்ளங்கை அதனை ஒரே அழுத்தத்தில் சொல்லிவிடும்.

கை செய்வது பாதி வேலைதான். மறுபாதியைச் செய்பவை கண்கள். அவையும் கூட்டத்தின் கண்களே. வித்தைக்காரன் தன் இடக்கையை உற்று நோக்குகிறான். ஊரே அங்கு நோக்குகிறது. பெரிய அசைவொன்று நிகழும்போது சிறிய அசைவை எவரும் காண்பதில்லை. இதை அமெரிக்க உளநூலார் நார்மன் டிரிப்லெட் 1900இலேயே சோதித்து எழுதினார். பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்து, மூன்றாம் முறை எறிவதுபோல் கையை மட்டும் வீசிக் காட்டினால், சிறுவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பந்து மேலே போனதைத் தம் கண்ணால் கண்டதாகவே கூறினர். 2006இல் இங்கிலாந்தில் கூன், லேண்ட் என்னும் இருவர் இதை மேலும் நுணுகி ஆராய்ந்தனர். வித்தைக்காரன் மேல்நோக்கிப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கினர் ஏமாந்தனர். தன் கையைப் பார்த்தபோது ஏமாந்தவர் மூன்றில் ஒரு பங்கினரே. கைவீச்சு இரண்டிலும் ஒன்றுதான். பிறர் நோக்கும் திக்கை நோக்கும் நம் பழக்கம்தான் பந்தை வானத்தில் பறக்கவிட்டது!

இங்கே பகுத்தறிவு பேசும் நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நடுவில் நிற்பவனைக் கேட்டால், ஏமாற்ற எளியவர் படித்தவர், கடினமானவர் குழந்தைகள் என்பான். படித்தவர் எங்கே பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு வருவார். அங்கே பார்த்து ஏமாறுவார். குழந்தையோ பார்க்கக் கூடாத இடத்தையெல்லாம் பார்க்கும். 1861இல் தாலியம் என்னும் தனிமத்தைக் கண்டறிந்த வில்லியம் குரூக்ஸ் அறிவியலில் மலை. அவர் 1870களில் ஆவிகளை அழைப்பதாகச் சொன்னவர்களை ஆராயப் புகுந்து, ஆவி வந்தது மெய்யே என்று சான்று கூறினார். இயற்கை ஒளிக்கும், ஆனால் வேண்டுமென்றே ஏமாற்றாது. இயற்கையோடு மட்டும் பழகிய அறிஞர் எத்தனோடு பழகவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆவி அரங்குகளின் சாயத்தை வெளுத்தவர் பட்டம் பெற்ற பேராசிரியரல்லர். பூட்டையும் விலங்கையும் கழற்றிக் காட்டிய வித்தைக்காரர் ஹூடினி. கள்ளச் சாவியைக் கொல்லன் அறிவான்.

இது புதிய செய்தியுமன்று. சூனியக்காரி என்று பெண்களைத் தூக்கிலிட்ட இங்கிலாந்தில், 1584ஆம் ஆண்டு, கெண்ட் பகுதியைச் சேர்ந்த ரெஜினால்டு ஸ்காட் ஒரு நூல் வெளியிட்டார். அபலைகள் மீது சுமத்தப்படும் மந்திரக் குற்றம் வெறும் பொய் என்று வாதாடிய அந்நூலில், காசை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றுவதுபோல் காட்டி ஒளிக்கும் முறையும் வரிவரியாக விளக்கப்பட்டிருக்கிறது. உயிர் காக்கும் வழக்கில் வித்தைக்காரனின் விரலையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார் அவர்! நாணய வித்தையின் செய்முறை ஆங்கிலத்தில் அச்சேறியது பொழுதுபோக்குக்காக அன்று, கழுத்துக்கயிற்றை அறுப்பதற்காக.

அதே இங்கிலாந்துக்குப் பின்னாளில் நம் நாட்டு வித்தைக்காரர் ஒருவரும் சென்றார். இராமசாமி என்ற பெயர் வெள்ளையர் வாயில் சிதைந்து ராமோ சாமி ஆயிற்று. வாளை விழுங்குவார், கிண்ணமும் பந்தும் ஆடுவார், பித்தளைப் பந்துகளைச் சுழற்றுவார். இலண்டனில் இந்திய வித்தைக்காரரின் பந்தாட்டத்தைக் கண்ட கட்டுரையாளர் ஹாஸ்லிட், இந்தக் கைத்திறத்தின் முன் என் எழுத்து எம்மாத்திரம் என்று வெட்கிப்போய் 1821இல் நூலில் எழுதிவைத்தார். அவர் கண்டது ராமோ சாமியையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உழைத்துப் பழகிய கையை உழைத்துப் பழகிய கை என்றே போற்றிய எழுத்து அது. போற்றியதோடு சரி! 1850 ஆகஸ்டில் ராமோ சாமி இலண்டனில் இறந்தபோது அடக்கம் செய்யவும் பணமில்லை; செய்தித்தாள் வழியாக உதவி கேட்டார் அவருடைய மனைவி. காற்றிலிருந்து காசெடுக்கும் இனத்தவனுக்குக் குழி வெட்டக் காசில்லை.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் நம் திருவிழா வட்டத்திற்கு வாருங்கள். ஒரு நாழிகை வித்தை காட்டியாயிற்று. தட்டை ஏந்தும் நேரம். அப்போதுதான் மெய்யான மாயம் நிகழ்கிறது: கூட்டம் மறைகிறது! இதைத் தடுக்க அவன் கண்ட வழி அச்சுறுத்தல். 'காசு போடாமல் போகிறவன் இரத்தம் கக்கிச் சாவான்' என்று உரக்கக் கூவுகிறான். நகர்ந்த கால்கள் நடுங்கி நிற்கின்றன. அடுத்துப் பையிலிருந்து தாயத்து வெளிவருகிறது. திறமைக்குத் தராத எட்டணாவைத் தகரக் குழலுக்குத் தருகிறார்கள். அவன் செய்தது பித்தலாட்டம், ஐயமே வேண்டாம். ஆனால் தீர்ப்பு எழுதும்போது மற்றவர்களையும் கூண்டில் நிறுத்துங்கள். 'இது என் கைத்திறன்' என்றவனுக்குக் காலணா. 'இது காளியின் அருள்' என்றதும் முழு ரூபாய்! விலையை வைத்தவர் யார்?

சட்டமும் அவன்பால் இரக்கம் காட்டவில்லை. பம்பாய் மாநிலம் 1959இல் இயற்றிய பிச்சைத் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியும் ஆடியும் குறி சொல்லியும் வேடிக்கை காட்டியும் காசு பெறுவதைப் பிச்சையென்றே வரையறுத்தது. அச்சட்டம் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. அங்கே அதன் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதவை என்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018இல்தான். தெருவில் வெறுங்கையால் காசெடுப்பவன் பிச்சைக்காரன். மேடையிட்டு வெறுங்கையால் திருநீறு எடுப்பவர் மகான். இந்த வேறுபாட்டைக் கற்பித்தது எந்தச் சாத்திரமோ!

கைப்பிடியில் வேறுபாடு இல்லை. இதைக் காட்டத்தான் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் ஆசிரியராயிருந்த ஆபிரகாம் கோவூர் 1963இல் அறைகூவல் விடுத்தார். ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் நிகழ்த்துவோருக்கு ஓர் இலட்சம் ரூபாய்! அவர் அடுக்கிய போட்டிகளில் ஒன்று, உறையிலிட்டு முத்திரையிட்ட பணத்தாளின் எண்ணைப் படித்துச் சொல்வது. முக்காலமும் உணர்ந்தவர்கள் நாட்டில் நிறைந்திருந்தும் 1978இல் அவர் மறையும்வரை அந்தப் பணம் அசையவில்லை. அவருக்குப் பின் அறைகூவலைத் தோளேற்றவர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த். அவர் கையாண்ட கருவி மேடைப் பேச்சன்று. தம் இரு கைகளே. கஞ்சி கலந்து உருட்டி உலர்த்திய சாம்பல் உருண்டை கட்டைவிரல் அடியில் ஒளிந்திருக்கும்; நசுக்கினால் திருநீறாய் உதிரும். வெள்ளி ரூபாய் கிடந்த அதே இடம்! முதலில் அற்புதமாகச் செய்து காட்டுவார். பிறகு அவிழ்த்துக் காட்டுவார். பின்பு பார்ப்பவர்களையே செய்யச் சொல்வார். 2009இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று செய்த வேலை இது. நம் ஊர் மேடைகளில் 'மந்திரமா? தந்திரமா?' என்ற பெயரில் திராவிடர் கழகத் தோழர்கள் நடத்தி வந்திருக்கும் நிகழ்ச்சியும் இந்த வழியினதே.

வித்தையால் மூடநம்பிக்கையை முறியடிப்பவர் அனைவரும் நல்லவர் என்றும் எண்ணிவிடக் கூடாது. 1856இல் பிரெஞ்சு அரசு ராபர்ட் ஊதேன் என்ற புகழ்மிக்க வித்தைக்காரரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே சமய குருமார்கள் அற்புதம் காட்டி மக்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகிறார்களாம். அதைவிடப் பெரிய அற்புதம் காட்டி அடக்க வேண்டுமாம். மின்காந்தம் ஒளித்த பெட்டியால் திடகாத்திரமான மனிதனையும் திணற வைத்தார். பொறியை மட்டும் அந்த மேடையில் விளக்கவில்லை. மிரட்டுவதற்காக மூடி வைத்த வித்தை அது. பிரேமானந்தின் பையில் இருந்ததும் வித்தை, ஊதேனின் பெட்டியில் இருந்ததும் வித்தை. ஒருவர் அவிழ்த்துக் காட்டினார். மற்றவர் முடிந்து வைத்தார்.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். நாணயத்தை மறைப்பதைத் தொழிலாகக் கொண்டவன், 'நான் மறைக்கிறேன், முடிந்தால் பிடியுங்கள்' என்று சொல்லிவிட்டு மறைத்தால் அவன் நாணயமானவன். அப்படிச் சொல்லிவிட்டு மறைப்பது கடினம் என்பதையும் நடுவில் நின்று பார்த்தவர் அறிவர். அருள் என்றால் கைகூப்பி மண்ணைப் பார்க்கும் கண்கள், திறன் என்றால் விரலையே பார்க்கும்.

பொழுது சாய்கிறது. தட்டில் விழுந்தவற்றை அவன் எண்ணுகிறான். 2009 முதல் புழக்கத்திற்கு வந்த பத்து ரூபாய்க் காசு, ஈருலோகத்தில், 27 மில்லிமீட்டரில், ஏறத்தாழ எட்டுக் கிராமில், பழைய வெள்ளி ரூபாய்க்குப் பின் அவன் கைக்கு ஒருவாறு பொருந்திய காசு. சில ஆண்டுகளுக்கு முன் அதைத் தமிழகத்துக் கடைக்காரர் பலர் வாங்க மறுத்தனர். செல்லாதாம், யாரோ சொன்னார்களாம். பதினான்கு வகை வடிவங்களும் செல்லும் என்று 2018 சனவரியில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விடுத்தது. அதற்குப் பின்னும் கல்லாப்பெட்டிகள் கதவடைத்தன. எத்தனை முறை ஊதியும் மெய்யாக மறையாத ஒரு காசை, எவனோ கிளப்பிவிட்ட வதந்தி ஊர் ஊராக மறைத்துக் காட்டியது. தேநீர்க் கடை வாசலில் அதை நீட்டிக்கொண்டு நின்ற வித்தைக்காரனிடம், 'வேறு காசு கொடு' என்றார் கடைக்காரர்.