நாய்களின் புற்றுநோய்: சிகிச்சையைத் தீர்மானித்தல்

வளர்ப்பு நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தபின் அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு, வலி தணிப்பு, கருணைக்கொலை ஆகியவற்றில் எதை ஏற்பது என்று வளர்ப்பவரும் கால்நடை மருத்துவரும் சேர்ந்து எடுக்கும் முடிவு இது. நோயாளியிடம் சம்மதம் கேட்க வழியில்லை. பணம் கொடுப்பவரே முடிவையும் எடுக்க வேண்டியிருக்கிறது. மனிதருக்கான சிகிச்சையில் நோயை வேரோடு அழிப்பதற்காகக் கடும் பக்கவிளைவுகளையும் பொறுத்துக்கொள்வார்கள். நாய்களுக்கு அப்படியல்ல. எஞ்சிய காலம் வலியின்றிக் கழிய வேண்டும் என்பதே பெரும்பாலும் நோக்கம். அதனால் மருந்தின் அளவும் குறைவு.

கட்டியின் வகை

வகை தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் குருட்டு முடிவுதான். இரண்டு நாய்களுக்குப் புற்று என்றால், ஒன்றன் கதிக்கும் மற்றதன் கதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கக்கூடும்.

தெருநாய்கள் மிகுந்த ஊர்களில் சாதாரணமாகக் காணப்படுவது, பிறப்புறுப்பில் வரும் தொற்றுப் புற்றுக்கட்டி. இணைசேரும்போதும் நக்கும்போதும் உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தாவுகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய செல்வழிதான் இன்றும் உலகெங்கும் பரவி நிற்கிறது. இக்கட்டியை ஒரு நாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வளர்க்க முடியும் என்று ரஷ்யக் கால்நடை மருத்துவர் நொவின்ஸ்கி 1876இல் காட்டினார். புடைத்துச் சிவந்து ரத்தம் கசியும் இதன் தோற்றத்தைப் பார்த்ததும் பலர் நாயைக் கைவிட்டுவிடுகிறார்கள். உண்மையில் எளிதாகக் குணமாகும் புற்றுகளில் இதற்கே முதலிடம். வின்கிறிஸ்டின் மருந்தை வாரம் ஒரு முறை வீதம் 4 முதல் 6 வாரம் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் முழுமையாகத் தேறிவிடும். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்து அது.

இதற்கு நேர்மாறானது மண்ணீரலில் வரும் ரத்தக்குழாய்ப் புற்று. ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் போன்றவற்றுக்கு அதிகம் வரும். காலையில் ஓடியாடிய நாய் மாலையில் ஈறு வெளுத்துச் சுருண்டு விழும். வயிற்றுக்குள் கட்டி வெடித்து ரத்தம் தேங்கியிருக்கும். அறுவைக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்று அந்த இரவிலேயே சொல்லியாக வேண்டும். மண்ணீரல் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புற்று. அவற்றில் பெரும்பாலானவை இந்த வகை. அப்படியானால் அறுவை மட்டும் செய்த நாய்கள் ஒன்று முதல் மூன்று மாதமும், தொடர்ந்து டாக்சோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தைப் பெற்றவை நான்கு முதல் ஆறு மாதமும் வாழ்கின்றன. மீதி ஒரு பங்கில் சாதாரண ரத்தக்கட்டியும் உண்டு. மண்ணீரலை எடுத்துவிட்டால் அந்த நாய் பிழைத்துக்கொள்ளும். எது என்று அறுவைக்கு முன் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

தொட்டுணரும் கட்டிகளில் முதற்சோதனை எளிது. மெல்லிய ஊசியால் சில செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பரப்பிப் பார்ப்பார்கள். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. தீவிரத்தை அறிய பயாப்ஸியும், பரவலை அறிய மார்பு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் வேண்டியிருக்கும். பெட்டை நாயின் மடிக்கட்டிகளில் தீங்கற்றவையும் நிறைய. ஆனால் 3 செ.மீ.க்கு உட்பட்ட நிலையில் எடுத்தால்தான் பலன் அதிகம் என்பதால், "வளருதா பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது நல்ல யோசனை அல்ல.

லிம்போமா: மிகுதியாக விவாதிக்கப்படும் முடிவு

நிணநீர்ச் செல்களில் தோன்றும் புற்றான லிம்போமா, குளிப்பாட்டும்போது தாடைக்குக் கீழே இரு பக்கமும் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும். அழுத்தினால் நாய் முனகாது. தோளுக்கு முன்னும் பின்னங்கால் முட்டிக்குப் பின்னும் தடவினால் அங்கேயும் இருக்கும். நெறி கட்டியிருக்கிறது என்று விட்டுவிடுவோரும் உண்டு. சாப்பாடு, விளையாட்டு எதிலும் குறை தெரியாத இந்தக் கட்டத்தில்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒன்றும் செய்யாவிட்டால் பெரும்பாலான நாய்கள் 4 முதல் 6 வாரம் தாங்கும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஒன்றிரண்டு மாதம். சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிறிஸ்டின், பிரெட்னிசலோன் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி நான்கு முதல் ஆறு மாதம் கொடுக்கும் கூட்டு முறையில் பத்தில் எட்டு நாய்களுக்கு மேல் கட்டி கரைந்து இயல்பு நிலைக்கு வருகின்றன; இடைநிலை ஆயுள் ஓராண்டை ஒட்டி அமைகிறது. பி செல் வகையானால் இதைவிடச் சற்றுக் கூடும், டி செல் வகையானால் குறையும். இடைப்பட்ட வழியும் உண்டு: மூன்று வாரத்துக்கு ஒரு முறை டாக்சோரூபிசின் மட்டும். ஆயுள் குறைவு, ஆனால் மருத்துவமனைக்கு அலைவதும் குறைவு. எந்த வழியில் போனாலும் நோய் பெரும்பாலும் திரும்பி வரும்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு முடிவையே மாற்றிவிடுகிறது. வீக்கத்தைக் கண்டதும் சோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கிவிடுவது. கட்டி இரண்டு நாளில் சுருங்கும், வீட்டிலும் நிம்மதி பிறக்கும். அதற்குள் சோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். சில வாரம் தொடர்ந்தால் புற்றுச் செல்கள் மற்ற மருந்துகளையும் வெளியேற்றக் கற்றுக்கொள்கின்றன. பின்னர் தொடங்கும் கீமோதெரபி சரியாக வேலை செய்வதில்லை. மாத்திரை மட்டுமே போதும் என்று தெரிந்து முடிவெடுப்பதில் குற்றமில்லை. தெரியாமல் அந்தப் பாதைக்குள் போய்விடுவதுதான் பரிதாபம்.

பக்கவிளைவுகள்

மனிதர்கள் படும்பாட்டைப் பார்த்தவர்கள் கீமோதெரபி என்றதுமே வேண்டாம் என்கிறார்கள். நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரிரு நாள் வாந்தி, பேதி, பசியின்மை என்ற அளவோடு நின்றுவிடும். முடி கொட்டுவது பூடில் போல ஓயாமல் முடி வளரும் இனங்களில்தான் தெரியும். மற்றவற்றில் மீசை முடி உதிரலாம். மருந்து போட்ட ஒரு வாரத்தை ஒட்டி வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் வந்தால் அவசரம். சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடும். டாக்சோரூபிசின் சேரச் சேர இதயத்தைப் பலவீனப்படுத்தும். இந்த மருந்தும் வின்கிறிஸ்டினும் ரத்தக்குழாய்க்கு வெளியே ஒரு சொட்டுக் கசிந்தாலும் சதை அழுகிவிடும் என்பதால், நாயை அசையாமல் பிடிக்கப் பழகிய கைகள் வேண்டும். மருந்து போட்ட மூன்று நாள்வரை சிறுநீரையும் மலத்தையும் கையுறையின்றித் தொடக்கூடாது. கர்ப்பிணிகள் விலகியிருக்க வேண்டும்.

காலை எடுப்பது

கிரேட் டேன், ராட்வைலர் போன்ற பெரிய நாய்களுக்கு வரும் எலும்புப் புற்றில் வளர்ப்பவர் மிகவும் தயங்கும் இடம் இது. காலை வெட்டுவது கொடுமை என்று தோன்றும். நோயால் அரிக்கப்பட்ட எலும்போடு நாயை நடக்கவிடுவதுதான் அதைவிடக் கொடுமை. மற்ற மூன்று கால்களும் நன்றாக இருந்தால் பெரும்பாலான நாய்கள் சில நாட்களில் நடக்கத் தொடங்கிவிடும். கண்டறியும்போதே ஏறத்தாழ 90 விழுக்காடு நாய்களில், எக்ஸ்ரேயில் தெரியாத அளவில், நோய் பரவியிருக்கும். எனவே கால் நீக்கம் வலிக்கான தீர்வு. அதன்பின் சராசரியாக நான்கைந்து மாதம். கார்போபிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்தைச் சேர்த்தால் பத்து மாதம்வரை, சில நேரம் ஓராண்டு. அறுவைக்கு ஏற்றதல்லாத நாய்களுக்கு வலிநிவாரணக் கதிர்வீச்சு உதவும். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும். நாய்களுக்கான அந்த வசதி இந்தியாவில் மிக அரிது.

செலவும் நிறுத்தும் நேரமும்

மருந்து விலையைவிட ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பயணம், விடுப்பு ஆகியவையே செலவை ஏற்றுகின்றன. முழுத் திட்டத்துக்கான மதிப்பீட்டைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். பாதியில் நிறுத்தும் கீமோதெரபியைவிட முதலிலேயே தேர்ந்த வலி தணிப்புச் சிகிச்சை மேல். பணமில்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபாஸ் 2004இல் வகுத்த அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். கூட்டுத்தொகை 35ஐத் தாண்டினால் வாழ்வு சகிக்கத்தக்கது. கருணைக்கொலையில் மயக்க மருந்தையே மிகையளவில் ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். நாய் சில நொடிகளில் நினைவிழக்கும். எந்த நிலை வந்தால் சிகிச்சையை நிறுத்துவது என்பதை, நாய் இன்னும் வாலாட்டிக்கொண்டிருக்கும்போதே வீட்டார் எல்லோரும் பேசி, மருத்துவரிடமும் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.