எப்போது எழுதுவது? ஒரு தேர்வின் சரித்திரம்



போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கையின் பேத்தி போன் செய்தாள். எம்.பி.பி.எஸ். படித்து, ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடித்தவள். அமெரிக்காவில் ரெசிடென்சி பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். யு.எஸ்.எம்.எல்.இ. முதல் ஸ்டெப் தேறிவிட்டாள். "தாத்தா, ரெண்டாவது ஸ்டெப்பை ஆகஸ்ட்ல எழுதவா, தள்ளிப் போடவா?" என்றாள். சரித்திர வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் சிரித்தேன். ஆனால் இந்த "எப்போது" என்பதற்கே ஒரு சரித்திரம் இருக்கிறது.

1940-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பயிற்சி இடங்கள் அதிகம், மாணவர்கள் குறைவு. நல்ல மாணவனைப் பிடிக்க ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் முந்தியது. படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே இடம் பேசி முடித்தார்கள். அந்தப் பையன் எப்படிப்பட்ட டாக்டராக வருவான் என்று அவனுக்கே தெரியாத வயது அது.

1945-ல் கல்லூரிகள் ஒன்றுகூடி, குறிப்பிட்ட தேதிக்கு முன் மாணவர்களின் மதிப்பெண்களை வெளியிடுவதில்லை என்று முடிவு செய்தன. அவசரம் போகவில்லை, இடம் மாறியது. இடம் கிடைத்த மாணவனுக்கு யோசிக்க முதலில் 10 நாள் கொடுத்தார்கள். அது குறைந்துகொண்டே வந்து, 1949-ல் 12 மணி நேரமே அதிகம் என்றார்கள். கடைசியில் 1952-ல் 'மேட்ச்' வந்தது. மாணவரும் ஆஸ்பத்திரியும் தனித்தனியே விருப்பப் பட்டியல் கொடுக்க, இரண்டையும் ஒரே நாளில் பொருத்தினார்கள். முதலில் சொன்ன முறை மாணவருக்குப் பாதகமாக இருந்ததால் அவர்கள் எதிர்த்தார்கள், மாற்றவும் வைத்தார்கள். இந்த முறையை ஆராய்ந்த ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியுடன் 2012-ல் பொருளாதார நோபல் பெற்றார்.

வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு 1958-ல் தனித் தேர்வு வந்தது. 1965-ன் குடியேற்றச் சட்டம் நம்மவர்களுக்குக் கதவைத் திறந்தது. 1976-ல் வந்த இன்னொரு சட்டம் அதைப் பாதி சாத்தியது. 1992-ல் யு.எஸ்.எம்.எல்.இ. தொடங்கிய பிறகுதான் உள்நாட்டார், வெளிநாட்டார் இருவருக்கும் ஒரே தேர்வு என்றானது.

2022 ஜனவரியில் முதல் ஸ்டெப்புக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்தி, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் ஆக்கினார்கள். பாரத்தைக் குறைப்பதாக நினைத்தார்கள். பாரம் இரண்டாவது ஸ்டெப்பின் தலையில் போய் உட்கார்ந்தது. முன்பெல்லாம் முதல் ஸ்டெப்பில் நல்ல மதிப்பெண் இருந்தால், இதை விண்ணப்பித்த பிறகுகூட எழுதலாம். இன்று கையில் இருக்கும் ஒரே எண் இதுதான்.

இனி பேத்தியின் கணக்கு. செப்டம்பர் கடைசியில் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்குவார்கள். தேர்வு முடிவு வர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதனால்தான் எல்லோரும் ஆகஸ்ட் என்கிறார்கள். ஆனால் ஒருமுறை தேறிவிட்டால், மதிப்பெண் குறைவு என்று மறுபடி எழுத முடியாது. தோற்றால் அது பதிவேட்டில் நிற்கும். ஒரு ஸ்டெப்புக்கு மொத்தம் நான்கு வாய்ப்புதான்.

தலைமையாசிரியர் பதவி உயர்வுக்காக நான் எழுதிய அக்கவுண்ட் டெஸ்டை மூன்றாம் தடவைதான் தேறினேன். முந்தைய இரண்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. அந்தச் சலுகை அவளுக்கு இல்லை.

"மாதிரித் தேர்வில் எவ்வளவு வருது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பாஸ் மார்க்கை ஒட்டித்தான் தாத்தா. கூடப் படிச்சவங்க எல்லாரும் ஆகஸ்ட்ல எழுதறாங்க. அப்பா கடன் வேற வாங்கியிருக்கார்."

"அவங்க தேதி அவங்களுக்கு. ஜூலை கடைசியில் இன்னொரு மாதிரித் தேர்வு எழுது. நல்லா மேலே வந்தா ஆகஸ்ட்ல போ. வரலைன்னா அடுத்த வருஷம் விண்ணப்பி. வருஷம் போனா ஒரு வருஷம்தான் போகும். அப்பாகிட்ட நான் பேசறேன்" என்றேன். சரி என்றாள். குரல் தெளிந்திருந்தது.

இன்று மாலை அவள் அப்பாவிடம் பேச வேண்டும். அதுதான் எனக்குக் கஷ்டமான தேர்வு. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் என் பழைய மாணவர்களே, நீங்கள் எப்போது எழுதினீர்கள், ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள். அவளுக்குக் காட்டுகிறேன்.