பரிந்துரையிலிருந்து சட்டம் வரை: அமெரிக்க நடுநிலைப் பள்ளிகளில் இயற்கணிதச் சேர்க்கை

தமிழ்நாட்டுப் பாடநூலில் இயற்கணிதமும் வடிவியலும் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு இயல்கள். அமெரிக்க அரசுப் பள்ளிகள் பலவற்றில் அவை தனித்தனி ஆண்டுப் பாடங்கள். முதல் இயற்கணிதம், வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணித முன்பாடம், நுண்கணிதம் ஆகிய ஐந்தும் வழக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். உயர்நிலைப் பள்ளியோ ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கே ஆண்டுகள். பள்ளி முடிக்குமுன் நுண்கணிதம் படிக்க விரும்பும் பிள்ளை முதல் இயற்கணிதத்தை எட்டாம் வகுப்பிலேயே முடித்தாக வேண்டும். அதற்கு ஏழிலும், சில இடங்களில் ஆறிலும், விரைவு வகுப்பில் இடம் கிடைத்திருக்க வேண்டும். பொறியியல் படிக்கும் வாய்ப்பு இப்படிப் பதினொரு வயதிலேயே ஓரளவு முடிவாகிவிடுகிறது. இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதிலேயே சுழன்றது. எந்த அளவுகோலைக் கொண்டு, யார் சேர்க்கிறார்கள் என்பதே முதன்மையான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும், அடுத்த ஆண்டில் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் வந்ததும், திறமிக்க மாணவரை விரைவில் மேலே கொண்டுசெல்லும் வேட்கையைப் பெருக்கின. யார் திறமிக்கவர் என்பதை ஆசிரியரின் பரிந்துரையும் பெற்றோரின் வற்புறுத்தலுமே பெரிதும் தீர்மானித்தன. ஜீனி ஓக்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு நூல், மாணவரைத் திறன்வாரியாகத் தனித்தனி வகுப்புகளாகப் பிரிக்கும் இந்தத் தடம்பிரித்தலில் ஏழை, கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர் கீழ்த்தடங்களில் குவிந்திருந்ததை எடுத்துக்காட்டியது.

அதற்கு முன்பே, 1982இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் ராபர்ட் மோசஸ் தம் பணியைத் தொடங்கியிருந்தார். மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் அவர். எட்டாம் வகுப்பில் இருந்த தம் மகளுக்குப் பள்ளியில் இயற்கணிதம் கிடைக்காததால், அவளுக்கும் உடன்படித்த சிலருக்கும் தாமே வகுப்பெடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததே இயற்கணிதத் திட்டம். இயற்கணிதம் குடியுரிமை சார்ந்தது என்றார் மோசஸ். வாக்குச்சாவடியில் எழுத்தறிவுத் தேர்வு எதைச் செய்ததோ, அதையே புதிய பொருளாதாரத்தில் கணித அறிவின்மை செய்யும் என்று கருதினார். அவர் சேர்க்கையோடு நிற்கவில்லை. பாஸ்டன் நகரின் மெட்ரோ ரயில் பயணத்தை எண்கோட்டில் நகர்வாக மாற்றி எதிர்மறை எண்களைக் கற்பித்தார். ஆசிரியர் பயிற்சிக்குப் பல்லாண்டுகள் செலவிட்டார். அவருக்குப் பின்வந்த கொள்கை வகுப்பாளர்கள் அவருடைய கோரிக்கையை எடுத்துக்கொண்டு, இந்த உழைப்பை விட்டுவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கலிஃபோர்னியா 1997இல் வகுத்த பாடத்தரம், எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதத்தை இலக்காக வைத்தது. பொதுக் கணிதத் தேர்வு எழுதும் எட்டாம் வகுப்பு மாணவரின் முடிவு, பள்ளியின் தரக் குறியீட்டில் ஒரு படி குறைத்தே கணக்கிடப்பட்டது. பள்ளிகள் பிள்ளைகளைக் கூட்டமாக இயற்கணித வகுப்புக்கு அனுப்பியதில் வியப்பில்லை. 2008இல் மாநிலக் கல்வி வாரியம் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்க முயன்றபோது நீதிமன்றம் தடுத்தது. அதே ஆண்டில் டாம் லவ்லெஸ் வெளியிட்ட அறிக்கை நாடு தழுவிய நிலையைக் காட்டியது: கணிதத் தேர்வில் கடைசிப் பத்து விழுக்காட்டில் இருந்த எட்டாம் வகுப்பு மாணவருள் உயர்நிலைக் கணித வகுப்பில் இருந்தோர் 2000இல் 8 விழுக்காடு, 2005இல் 28.6 விழுக்காடு. பின்னமும் தசமமும் கைவராத பிள்ளைகள் சமன்பாடுகளின் முன் உட்கார்த்தப்பட்டார்கள். வட கரோலினாவின் சார்லட் பகுதியில் 2002 வாக்கில் நடந்த இதே முயற்சியைப் பொருளியலாளர்கள் கிளாட்ஃபெல்டர், லாட், விக்டர் ஆராய்ந்தனர். விரைவுபடுத்தப்பட்ட மாணவர் இயற்கணிதத் தேர்வில் பின்தங்கியதையும், அடுத்த பாடங்களை முடிக்கும் வாய்ப்பும் குறைந்ததையும் கண்டனர்.

சான் ஃபிரான்சிஸ்கோ மறுகோடிக்குப் போனது. 2014இல் எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒன்பதில் தொடங்கியது. சமத்துவமே நோக்கம், அந்த நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் வசதியுள்ள குடும்பங்கள் கட்டணம் கட்டி வெளியே இயற்கணிதம் படிக்கவைத்தன. உயர்நிலைக் கணிதப் பாடங்களில் இனவாரியான இடைவெளி பெரும்பாலும் அப்படியே இருந்ததை 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினர். 2024 மார்ச்சில் நகர வாக்காளருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் திரும்ப வேண்டும் என்று வாக்களித்தனர்.

இந்த இரு கோடிகளுக்கும் அப்பால், அதிகம் பேசப்படாத ஒரு முயற்சி வட கரோலினாவின் வேக் மாவட்டத்தில் நடந்தது. 2010 முதல் அங்கே மாணவரின் முந்தைய தேர்வு முடிவுகளைக் கொண்டு, இயற்கணிதத்தில் தேறும் வாய்ப்பு கணக்கிடப்பட்டது. அது 70 விழுக்காட்டைத் தாண்டினால் விரைவு வகுப்பில் இடம். ஆசிரியரின் மனப்பதிவுக்கும் பெற்றோரின் செல்வாக்குக்கும் இடம் குறைந்தது. குடும்ப வருமானத்துக்கும் சேர்க்கைக்கும் இருந்த பிணைப்பு தளர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். ஆயினும் மாநிலம் முழுவதும் பழைய வழக்கமே நீடித்தது. உயர்ந்த மதிப்பெண் பெற்றும் விரைவு வகுப்பு மறுக்கப்பட்ட ஏழை மாணவரைப் பற்றி 2017இல் அம்மாநில நாளிதழ்கள் தொடர் வெளியிட்டன. மறு ஆண்டே சட்டம் வந்தது: இறுதித் தேர்வில் உச்ச நிலை பெற்றவருக்கு உயர்நிலைக் கணிதத்தில் இடம் உண்டு, பெற்றோரின் எழுத்துமூல இசைவின்றி அவரை விலக்க முடியாது. 2023இல் டெக்சாஸ், ஐந்தாம் வகுப்புத் தேர்வில் முதல் 40 விழுக்காட்டுக்குள் வருவோரை ஆறாம் வகுப்பில் தானாகவே விரைவுக் கணிதத்தில் சேர்க்கச் சட்டமியற்றியது. வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்பு பள்ளிக்குச் சென்று வாதாடத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைக்கே கிடைத்த இடம், கேட்காமலே கைக்கு வருகிறது. எஞ்சிய 60 விழுக்காட்டினர் பின்னாளில் எந்த வழியாக வந்து சேர்வார்கள் என்பதே இனி ஆராய வேண்டியது. ஆறாம் வகுப்பில் விடுபட்ட ஒருவர், கோடை வகுப்பிலோ ஒன்பதில் இரு பாடங்களைச் சேர்த்துப் படித்தோ அந்த ஓராண்டை ஈடுகட்ட வழி இருக்கிறதா என்பதை மாவட்டம் மாவட்டமாகப் பார்க்க வேண்டும்.