நடைவண்டியும் நாலாயிரம் ரூபாயும்

என் அப்பா சின்னசேலத்தில் தச்சு வேலை செய்தவர். நிலை, கதவு, கட்டில் போன்ற பெரிய வேலைகள் எப்போதாவதுதான் வரும். நடைவண்டி கேட்டு மட்டும் வருஷம் முழுக்க ஆள் வருவார்கள். பிள்ளை சுவரைப் பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கியதும் தாய்மாமன்தான் பெரும்பாலும் வந்து நிற்பார். "ஆசாரி, மருமவப்புள்ள நிக்குது. ஒரு வண்டி செஞ்சு குடுங்க" என்பார். அப்பா முதலில் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்வார். குறுக்குக் கட்டை அதன் மார்பளவுக்கு வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. வாகை மரத்தில் அடிச்சட்டத்தைக் கனமாக வைப்பார், பிள்ளை பிடித்துத் தொங்கினாலும் வண்டி அதன்மேல் சாயக்கூடாது என்று. அச்சை இறுக்கமாகவே விட்டுக் கொடுப்பார். வண்டி முந்திக்கொண்டு ஓடினால் பிள்ளை குப்புற விழும். நடை தேறத் தேற விளக்கெண்ணெய் விட்டு இளக்கிக்கொள்வது வீட்டார் பொறுப்பு. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவினை நடக்கும் வட்டங்களில் சின்னசேலமும் ஒன்று. சாமி உருவங்களைச் செதுக்கும் கைகளுக்கு வந்த அந்தப் பெருமையில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. அதே உளியும் இழைப்புளியும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நடை பழக்கியதையும் யாராவது எழுதி வைக்கவேண்டும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இது பழைய தொழில். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் தேர் உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியின் மார்பில் பால் குடித்துவிட்டு உறங்கிப்போகிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது குறுந்தொகையின் 61-ஆம் பாட்டு. தும்பிசேர் கீரனார் பாடியது. தச்சன் செய்து கொடுத்த சின்ன வண்டியில் ஏறிப் போக முடியாவிட்டாலும், கையால் இழுத்தே இன்பம் காணும் பிள்ளைகளை அதில் சொல்கிறார். காதலைப் பற்றிய பாட்டில் உவமையாக வந்துபோகும் காட்சிதான். ஆனாலும் கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்த வண்டி அன்று வீட்டுக்கு வீடு தெரிந்திருக்கிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மற்றதை நீட்டி, இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டுவது. ஓராண்டு நிறையும்போது வருகை: தளர்நடையிட்டு வரும்படி அழைப்பது. ஆண்பால் பிள்ளைத்தமிழ் சிறுதேர் உருட்டுவதோடு முடியும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடினார். பிறகு வந்தவர்கள் முருகனையும் மீனாட்சியையும் பாடினார்கள். அரசனானாலும் தெய்வமானாலும் தரையில் கை ஊன்றித்தான் எழவேண்டும்.

நான் உளி பிடிக்கவில்லை, பால்வாடி டீச்சர் ஆனேன். 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. 1980-இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டின் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். பால்வாடியில் எங்களுக்கு முதல் வேலை எடை போடுவதுதான். தராசில் தொங்கும் பிள்ளை வீறிட்டு அழ, அட்டையில் புள்ளி வைப்போம். புள்ளி கீழே இறங்கினால் எங்களுக்குத் தூக்கம் வராது. பசி இருந்த காலத்தில் அரசு எடையைக் கவனித்தது சரிதான். விளையாட்டுக்கென்று தனியாக இடம் ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. வாசலும் தெருவும் களத்துமேடும் காசில்லாமல் கிடந்தன. மக்காச்சோளம் காயும் களத்தில் ஒரு மணி நேரம் விட்டால் பிள்ளை ஏறும், சறுக்கும், விழும், எழும். கல்வராயன் மலையடிவார ஊர்களில் வீட்டு வாசலே சரிவுதான்.

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் மகள் போன ஆடியில் கேட்டாள்: "அம்மா, பாப்பாவை ஜிம் கிளாஸ்ல சேக்கட்டுமா? மாசம் நாலாயிரத்துச் சொச்சம் ஆகும். நீ என்ன சொல்ற?" பேத்திக்கு அப்போது ஒன்றேகால் வயது. மெத்தை விரித்த அறை, சின்ன ஏணி, சறுக்குப் பலகை, பந்து, பாட்டு. வாரம் இரண்டு வகுப்பு.

இந்த வகுப்புகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவில் ஜோன் பார்ன்ஸ் என்ற தாய் ஜிம்போரியைத் தொடங்கினார். சின்னப் பிள்ளையோடு போய் விளையாடவும், மற்ற தாய்மார்களோடு பேசவும் ஓர் இடம் கிடைக்காத குறையில் பிறந்தது அது. அதே ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் லிட்டில் ஜிம் வந்தது. காரோட்டிப் போனால்தான் பக்கத்து வீடு என்ற ஊர்களில் அதற்குத் தேவை இருந்தது. நம் நகரங்களில் மாடிகள் உயர்ந்தபோது அதே தேவை இங்கும் வந்தது.

"சேக்கலன்னா பின்தங்கிடுவாளோன்னு பயமா இருக்கு" என்றாள் மகள். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. 1929-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் ஆறு வாரம் படியேறப் பழக்கினார். மற்றதற்குப் பிறகு இரண்டே வாரம் பழக்கினார். அது முதல் குழந்தையை எட்டிப் பிடித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. துணையில்லாமல் நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிந்திருந்தது. அந்த எல்லை தாண்டியும் நடக்காத பிள்ளையைக் கொண்டுபோக வேண்டியது மருத்துவரிடம்.

அப்படியானால் வகுப்பில் விற்பது என்ன? இடம். 2012-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் ஒன்று முதல் ஒன்றரை வயதுப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து எண்ணினார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 காலடி, 17 விழுகை. நடை இப்படித்தான் படிகிறது. ஒன்று முதல் நான்கு வயது வரை நாளுக்கு 180 நிமிடம் உடல் அசையவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. வாரம் இரண்டு வகுப்பு அந்தக் கணக்கின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. மீதி நேரம் பிள்ளை சோபாவில் செல்போன் பார்த்தால் நாலாயிரமும் வீண்தான்.

ஆனால் மகளுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே போய்ப் பார்த்தேன். மகள் அந்த மாடியில் பகலெல்லாம் பேச்சுத் துணையில்லாமல் இருக்கிறாள். வகுப்பில் அவளைப் போல நாலு பெண்கள் உண்டு. அது சின்ன விஷயமில்லை. அதனால் கேட்டதெல்லாம் இதுதான்: அம்மாவை உள்ளே விடுகிறார்களா? பிள்ளை வரிசையில் காத்து நிற்கிறதா, தானாக ஏறி இறங்குகிறதா? அழுதால் தூக்கிக்கொள்ளலாமா? பதில் சரியாக இருந்தால் மழைக்கால மாதங்களுக்கு மட்டும் கட்டு, மற்ற மாதங்களில் சாயங்காலம் கீழே இறக்கி விடு என்றேன். உட்கார வைத்து உருட்டிவிடும் சக்கர வாக்கரை மட்டும் வாங்கவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். விபத்துகளுக்கு அஞ்சிக் கனடா 2004-இல் அதைத் தடையே செய்தது. நடைவண்டியில் பிள்ளை தன் எடையைத் தன் காலில் சுமக்கும். வாக்கரில் தொங்கும்.

என் கவலை இப்போது சின்னசேலத்தைப் பற்றியது. வாசல்கள் காம்பவுண்டுக்குள் போகின்றன. தெருவில் இரு சக்கர வண்டிகள் நிற்க இடமில்லை. களத்துமேடுகள் மனைகளாகிவிட்டன. இங்கேயும் ஒருநாள் மெத்தை விரித்த அறைக்குப் பணம் கேட்பார்கள். கட்ட முடிந்தவர் கட்டுவார். கூலிக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு அங்கன்வாடிதான் உண்டு. ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் சுற்றுச்சுவர், ஒரு லாரி ஆற்று மணல், ஏறி இறங்க மூன்று படி, ஒரு வேப்பமரம், இரண்டு நடைவண்டி வேண்டும். நடைவண்டி செய்யத் தெரிந்த ஆசாரிகள் இந்த வட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த கிராம சபையில் இதைத்தான் கேட்கச் சொல்லி, சுற்று வட்டாரத்து டீச்சர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.