மட்டையில் இரண்டாவது கை

எமது பாடசாலையின் டெனிஸ் திடலில் பக்ஹான்ட் என்றால் ஒரு கைதான். வலக்கைக்காரிகளான எங்களுக்கு இடப்பக்கமாக வரும் பந்தை அடிக்கும் அடி அது. தொண்ணூறுகளில் படித்த நாங்கள் மறுகையையும் மட்டையில் வைத்துவிட்டால், "கையை எடு பிள்ளை!" என்று மறுகோடியிலிருந்து குரல் வரும். பயிற்றுநர் கண்டிப்பானவர், தாம் கற்றபடியே எங்களுக்கும் கற்பித்தார். அந்த மறுகைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்துகொண்டோம்.

1930களில் அவுஸ்திரேலியாவின் விவியன் மக்ராத் இரு கைகளாலும் பக்ஹான்ட் அடித்தார். 1937இல் தம் நாட்டுச் சம்பியனாகவும் வந்தார். ஆயினும் அது ஒரு விநோதமாகவே பார்க்கப்பட்டது. பல ஆண்டுகளுக்கு அதைப் பின்பற்றியோர் மிகச் சிலரே.

நிலைமையை மாற்றியவர்களுள் முக்கியமானவர் ஒரு சின்னப் பெண். அமெரிக்காவின் ஃபோர்ட் லோடர்டேல் நகரப் பொதுத் திடலில் தந்தையிடம் பயின்ற கிறிஸ் எவர்ட்டுக்கு, மரமட்டையை ஒரு கையால் வீசப் பலம் போதவில்லை. ஆகவே இரண்டு கைகளாலும் பிடித்தார். வளர்ந்ததும் மாற்றிக்கொள்வாள் என்றுதான் தந்தையும் எண்ணினாராம். மகள் மாற்றவில்லை. 1971இல் 16 வயதில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் அரையிறுதிக்கு வந்தார். 1974இல் விம்பிள்டனை வென்றார். பிரெஞ்சுப் பட்டத்தை ஏழு தடவைகள் வென்றார். அதே காலத்தில் கொனர்ஸும் போர்க்கும் இரு கைகளால் அடித்தனர். பலவீனத்துக்குக் கண்ட உபாயம் ஒரு தலைமுறைக்குள் பாடமாகிவிட்டது.

எங்களில் வைத்தியத்துறைக்குப் போனவர்களுக்கு இதில் இன்னொரு அக்கறையும் உண்டு. 'டெனிஸ் முழங்கை' 1883இலேயே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் பேசப்பட்ட நோவு. பந்துக்குப் பிந்திப்போய், முழங்கையை முன்னே நீட்டி, மணிக்கட்டை மடித்து ஒரு கையால் அடிக்கும்போது, மணிக்கட்டை நிமிர்த்தும் தசைநார்கள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் பற்றும் இடம் இழுபடுகிறது. புதிதாகப் பழகுவோர் அடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். மறுகை சேர்ந்தால் பாரம் பகிரப்படும். தோளும் இடுப்பும் தாமாகவே திரும்பும். ஒரு கை பிழை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஜஸ்டின் ஹெனின் அப்படி அடித்தே நான்கு தடவைகள் பிரெஞ்சுப் பட்டம் வென்றார். ஆனால் பந்தை உடலுக்கு முன்னே சந்திக்கவும் மணிக்கட்டை உறுதியாக வைத்திருக்கவும் முதலில் பழகியிருக்க வேண்டும். எங்களுக்குக் கையை எடுக்கச் சொன்னார்களே தவிர, இதைச் சொல்லித்தரவில்லை.

எங்கள் அணியில் நல்ல ஆட்டக்காரி ஒருத்தி இருந்தாள். சாதாரண தரப் பரீட்சை ஆண்டில் பேனை பிடிக்கவே முழங்கை வலிக்கிறது என்று மட்டையை வைத்துவிட்டாள். சோம்பல் என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த மலருக்காக அண்மையில் அவளுடன் பேசியபோது, முதல் வேலையாக முழங்கையைப் பற்றித்தான் கேட்டோம். தேங்காய் திருவும்போது இப்போதும் கொஞ்சம் நோகுமாம். மகள் டெனிஸ் பழகுகிறாளாம், இரண்டு கைகளாலும்.