எர்லிக் கான்: துருக்கியரின் எமலோகம்

'அந்நியன்' (2005) வந்த பிறகு கும்பிபாகம், கிருமிபோஜனம் எல்லாம் குழந்தைகளுக்குக்கூட அத்துப்படி. எண்ணெய்க் கொப்பரை நம்முடைய ஏகபோகம் என்றுதான் நானும் இருந்தேன். மாற்றலாகி வந்த இந்த வடக்கத்தி ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் படிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது (குடும்பம் மதுரையில்). அப்படிப் படித்ததில் மாட்டியவர்தான் எர்லிக் கான், தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலைகளில் வாழும் துருக்கிய இனத்தாரின் எமன்.

அவர் நாட்டுக்கு உயிரோடு போய்த் திரும்பக்கூடியவர் 'காம்' மட்டுமே. நம்மூர் சாமியாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் தொலைந்த உயிரைத் தேடிப் போவார். செத்தவரின் உயிரைக் கொண்டுபோய் விட்டுவிட்டும் வருவார். 19ஆம் நூற்றாண்டில் பொதானின் என்ற ரஷ்ய ஆய்வாளர் பதிவு செய்த வர்ணனையை மிர்சியா எலியாடே தன் புத்தகத்தில் எடுத்துச் சொல்கிறார். பாலைவனம் தாண்டினால் இரும்பு மலை. ஏற முடியாமல் விழுந்த காம்களின் எலும்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அப்புறம் பூமியில் ஒரு துளை, அதற்குள் கடல், கடலுக்கு மேல் தலைமயிர் அகலத்துக்கு ஒரு பாலம். பாவம் செய்தவன் அதில் தாண்ட முடியாது. இத்தனையையும் காம் கூடாரத்துக்குள்ளேயே தள்ளாடித் தள்ளாடி நடித்துக் காட்டுகிறார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் தண்டனைகள். கதவருகே நின்று ஒட்டுக்கேட்டவனைக் காதோடு சேர்த்துக் கம்பத்தில் ஆணி அடித்திருக்கிறார்கள். புறம் பேசியவன் நாக்கில் தொங்குகிறான். பெருந்தீனிக்காரனைச் சுற்றி அருமையான பதார்த்தங்கள், எதுவும் கைக்கு எட்டாது.

எர்லிக்கின் வாசல்காவலனுக்கு அன்பளிப்பு கொடுத்தால்தான் உள்ளே விடுவான். எர்லிக்கும் முதலில் சீறுகிறார், மது உள்ளே போனதும் குளிர்ந்து, ஆடுமாடு பெருகட்டும் என்று வரம் தருகிறார். நம் எமதர்மனிடம் இந்தக் கதையெல்லாம் நடக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வர்ணனையைப் பொதானினுக்குச் சொன்னவர் செவல்கோவ், கிறிஸ்தவத்துக்கு மாறிப் பாதிரியாரான ஒரு துருக்கியர். அப்படியானால் இந்தத் தண்டனைகளில் எவ்வளவு பழைய சரக்கு?

பின்னோக்கிப் போனால் மங்கோலியாவின் ஓர்கோன் கல்வெட்டுகள் இருக்கின்றன. குல் திகினுக்கு 732இல் வைத்தது, பில்கே ககானுக்கு 735இல் வைத்தது. டென்மார்க்கின் தாம்சன் 1893இல் இந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினார். வானக் கடவுள் தெங்ரி உண்டு, உமாய் தாய் உண்டு. பாவக் கணக்கும் நரகமும் இல்லை. குல் திகின் இறந்ததைச் சொல்லும் சொல்லுக்குப் 'பறந்துவிட்டான்' என்று அர்த்தம். அவ்வளவுதான்.

நரகத்துக்குத் துருக்கியில் பழைய சொல் 'தமு', சொர்க்கத்துக்கு 'உச்மாக்'. 1070களில் அகராதி எழுதிய காஷ்கரி இரண்டையும் குறிக்கிறார். இரண்டுமே சோக்தியர்களிடம், அதாவது சமர்கண்ட் பக்கத்து வணிகர்களிடம், கடன் வாங்கியவை. வேடிக்கை என்னவென்றால், துருக்கியில் 'உச்மாக்' என்றாலே பறப்பது. வந்த சொல் பழைய நம்பிக்கையில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

762-63 வாக்கில் உய்குர் அரசர் பொகு ககான் மானி மதத்தில் சேர்ந்தார். பிறகு துர்ஃபான் பகுதி உய்குர்களிடம் பௌத்தம் பரவியது. அதோடு நம் யமன் போய்ச் சேர்ந்தார். அவரை உய்குர்கள் 'எர்க்லிக்' என்று எழுதினார்கள். வலிமை உடையவன் என்று பொருள், சுத்தத் துருக்கிச் சொல். மங்கோலியர்கள் 'எர்லிக் நோமுன் கான்' என்றார்கள். நோம் என்றால் தர்மம். ஆக, தர்மராஜன்! அந்த 'நோம்' சட்டத்தைக் குறிக்கும் கிரேக்க 'நோமோஸ்', சோக்தியர் வழியாக வந்தது. கணக்கு எழுதியே பிழைக்கும் எனக்கு இது பிடித்திருந்தது: அதிகாரி உள்ளூர்க்காரர், கோர்ட்டும் சட்டப் புத்தகமும் சரக்கு மூட்டைகளோடு வந்து இறங்கியவை.

மயிரிழைப் பாலம்கூட ஜொராஸ்டிரியர்களின் சின்வத் பாலத்தையும் இஸ்லாமியரின் சிராத் பாலத்தையும் நினைவூட்டுகிறது. ஆனால் ஒட்டுக்கேட்டவனின் காதில் அடித்த ஆணி மட்டும் உள்ளூர்ச் சரக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. என் ஊகம்தான். கம்பளிக் கூடாரத்தின் சுவர் எத்தனை கனம் இருந்துவிடப் போகிறது?