சிவப்புப் புள்ளிக்கு வயசு என்ன?

கூகுள் எர்த்தில் காட்டுத்தீ லேயரைப் போட்டுப் பார்த்திருக்கீங்களா? பூமி உருண்டையின் மேல் அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். கொஞ்ச நேரத்தில், நாம எதையும் தொடாமலே புதுப் புள்ளிகள் வந்து உட்காரும். பார்க்கிறவர் "லைவ்" என்றுதான் நினைப்பார். ஆனால் அது லைவ் இல்லை. ஏன் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போகணும்.

1999 டிசம்பரில் நாசா டெர்ரா செயற்கைக்கோளை அனுப்பியது. 2002 மே மாதம் அக்வா போனது. இரண்டிலும் மோடிஸ் என்ற கருவி இருக்கிறது. நாலு மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் நெருப்பு சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று தெரியும். அதை வைத்து, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சதுரக் கட்டத்துக்குள் எங்கோ தீ எரிகிறது என்று மோடிஸ் சொல்லும். நாம் பார்க்கும் புள்ளி அந்தக் கட்டத்தின் நடுமையம். தீ சரியாக அங்கேதான் எரியணும் என்பதில்லை.

தரையில் நடந்தது வேறு கதை. கீஹோல் என்ற நிறுவனத்தை 2004-ல் கூகுள் வாங்கியது. அதன் மென்பொருள்தான் 2005 ஜூனில் கூகுள் எர்த் ஆக வந்தது. அதன் கேஎம்எல் கோப்பில் 'நெட்வொர்க் லிங்க்' என்று ஒரு வசதி உண்டு. கோப்புக்குள் தரவு இருக்காது. ஒரு இணைய முகவரியும், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அங்கே போய் எடுத்து வரணும் என்ற கணக்கும் மட்டும் இருக்கும். 2007-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபிர்ம்ஸ், மோடிஸ் புள்ளிகளைச் சாதாரண ஆட்களும் எடுத்துப் பார்க்க வழி செய்தது. 2012-ல் அது நாசாவின் கைக்குப் போனது.

சிக்கல் இங்கேதான். மென்பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கலாம். ஆனால் 2007 வாக்கில் டெர்ரா ஒரு இடத்தைக் கடந்தது காலை, இரவு சுமார் பத்தரைக்கு. அக்வா மதியமும் நள்ளிரவு தாண்டியும் சுமார் ஒன்றரைக்கு. தரவு நம் திரைக்கு வர மூன்று மணி நேரம் வரைகூட ஆகலாம்.

2007 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவின் சான் டியாகோ பக்கம் 'விட்ச்' தீ பிடித்தது. பாலைவனத்திலிருந்து வீசும் சாண்டா அனா காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. மறுநாள் விடியும் முன்பே ராஞ்சோ பெர்னார்டோ குடியிருப்புக்குள் தீ புகுந்துவிட்டது. மேலே சொன்ன நேரங்களைப் பாருங்க: ஒன்றரைக்கும் பத்தரைக்கும் நடுவில் ஒன்பது மணி நேரம். அந்த இடைவெளியில்தான் வீடுகள் எரிந்தன. அந்த வாரம் ஊர்க்காரர்களுக்குக் கைகொடுத்தது, கேபிபிஎஸ் என்ற உள்ளூர் ஒலிபரப்பு நிலையத்தார் கையாலேயே திருத்திக்கொண்டிருந்த கூகுள் வரைபடம். எந்தப் பகுதி காலி செய்யணும், எந்தச் சாலை மூடல், எங்கே முகாம் என்றெல்லாம் அதில் இருந்தது.

பிறகு நிலைமை மேம்பட்டது. 2011-ல் போன விர்ஸ் கருவி கட்டத்தை 375 மீட்டராகச் சுருக்கியது. 2016-ல் ஏவப்பட்ட கோஸ்-16 அமெரிக்காவை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தது. ஆனால் அதன் கட்டம் இரண்டு கிலோமீட்டர். அடிக்கடி பார்த்தால் துல்லியம் குறையும், துல்லியமாகப் பார்த்தால் காத்திருக்கணும்.

அதனால் அடுத்த தடவை புள்ளியைப் பார்த்தால், அதைக் கிளிக் பண்ணி நேரத்தைப் பாருங்க. அது யுடிசி நேரம். இந்தியா, இலங்கையில் இருப்பவர்கள் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கணும். பக்கத்தில் ஒரு இடத்தில் புள்ளியே இல்லையென்றால், அங்கே தீ இல்லை என்று மட்டும் முடிவு கட்டிடாதீங்க.